ஒரு சிற்றூரின் போக்குவரத்து வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் கோயில், குளம், குடும்பங்கள் பற்றியெல்லாம் தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். வண்டி வாகனம் என்று வந்ததும் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த நாட்டுச் சிற்றூரை எழுதினாலும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான் வரும்.

சின்ன ஊருக்குப் போய் போக்குவரத்து வரலாறு என்று எழுத என்ன இருக்கப் போகிறது?

நிறைய இருக்கிறது. ரயில் நிலையமும் துறைமுகமும் இருந்தால்தான் போக்குவரத்து என்று நினைப்பதால் வருகிற சந்தேகம் இது. யார் போனார்கள், எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எவ்வளவு நேரம் ஆனது, யாரால் போக முடியவில்லை என்ற நான்கையும் கேட்டுப் பாருங்கள், ஐம்பது வீடுகள் உள்ள ஊருக்கே ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பிவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்று வருஷங்கள் உண்டு: அதைக் கண்டுபிடித்த வருஷம், அது ஊருக்குள் முதன்முதலில் வந்த வருஷம், ஊரில் சாதாரண ஆட்களின் கைக்கு அது கிடைத்த வருஷம். முதல் வருஷம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், இரண்டாவதைப் பெரியவர்கள் சொல்வார்கள், மூன்றாவதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. ஊரின் வரலாறு இருப்பது அந்த மூன்றாவதில்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், காலிலிருந்து ஆரம்பியுங்கள். மனிதர் சாதாரணமாக நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார், சுமையோடு என்றால் அதைவிடக் குறையும். சந்தைக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றால் போகவர எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய சந்தை ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய எவ்வளவு தள்ளி அமைந்தன என்பது அதிலேயே புரிந்துவிடும். தூரத்தை அளந்த சொற்களும் உடம்பிலிருந்து வந்தவைதான். கூப்பிடு தூரம் என்று நாம் சொல்வது குரல் கேட்கிற தூரம். பாரசீகத்தின் ஃபர்சாக், ஐரோப்பாவின் லீக் இரண்டும் சுமார் ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தை ஒட்டி எழுந்தவை.

இன்னொரு விஷயம். சிற்றூர்ப் பயணம் என்றதும் ஊரைவிட்டு வெளியே போவதை மட்டும் நினைக்கிறோம், ஆனால் 1980-களில் தான்சானியாவின் மகேட்டே பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது பெரும்பாலான நடையும் சுமையும் ஊரைச் சுற்றியே இருந்தது தெரிந்தது. தண்ணீர், விறகு, வயல், மாவு அரைக்கும் இடம் என்று, அதிலும் பெரும்பகுதி பெண்களின் தலையில். ஆகவே கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலான ஒற்றையடிப் பாதையும் உங்கள் வரலாற்றில் வர வேண்டும். அது விட்டுப்போனால் ஊரில் பாதிப் பேர் விட்டுப்போனதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

சக்கரம் வந்து ஐயாயிரம் வருஷம் ஆகிறதே, அப்புறம் ஏன் நேற்று வரைக்கும் தலைச்சுமை?

நல்ல கேள்வி. சக்கரம் மிகப் பழையதுதான். போலந்தின் ப்ரோனோசித்சேயில் கிடைத்த பானையில் வண்டி போன்ற உருவம் கீறப்பட்டிருக்கிறது, அது கி.மு. 3500-ஐ ஒட்டியது. ஸ்லோவேனியாவின் சதுப்பு நிலத்தில் கிடைத்த மரச் சக்கரத்துக்கும் வயது ஐயாயிரத்துக்கு மேல். ஆனால் சக்கரம் மட்டும் இருந்தால் வண்டி ஓடாது. அகலமான, கல் பெயர்ந்து கிடக்காத பாதை வேண்டும், ஆற்றைக் கடக்க வழி வேண்டும், இழுக்கிற விலங்கும் அதற்குத் தீனியும் வேண்டும், அச்சு முறிந்தால் செய்து கொடுக்கத் தச்சர் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தலையோ கழுதையோதான்.

அதனால் சக்கரம் இல்லாத ஊரைப் பின்தங்கிய ஊர் என்று எழுதிவிடாதீர்கள். தென் அமெரிக்காவின் இன்காக்கள் மலை மேல் 30,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகளைச் சக்கர வண்டியே இல்லாமல் கட்டிப் பயன்படுத்தினார்கள். அதில் ஓடியவை ஆள்களின் காலும் லாமா என்ற விலங்குகளின் சுமையும்தான், பாதையில் படிக்கட்டுகளே உண்டு. மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. அங்கே சக்கர வண்டிகள் நன்றாகப் புழங்கிய பிறகு, ஒட்டகம் மலிவாகவும் வசதியாகவும் இருந்ததால் பல நூற்றாண்டுகளுக்கு வண்டியே ஏறக்குறைய மறைந்துபோனது. புதியது வந்தால் பழையது போகும் என்ற வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தலைச்சுமையைத் திறமையில்லாத வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று. கென்யாவில் தலையில் சுமந்து பழகிய பெண்களை வைத்துச் செய்து 1986-ல் வெளியான ஆய்வில், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கூடுதல் ஆற்றல் செலவில்லாமலே சுமந்தது தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே உடம்பில் படிந்த நடை அது.

மாட்டு வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும்?

மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஆள் நடக்கிற வேகத்தைவிட அதிகமில்லை. வண்டியின் பலன் வேகத்தில் இல்லை, சுமையில் இருக்கிறது. எங்கள் வண்டி காற்றாய்ப் பறக்கும் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் ஆள் ஏறிப் போகிற சிறு கூண்டு வண்டியாகவோ வில் வண்டியாகவோ இருக்கும், பார வண்டி வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

வண்டியின் சக்கரத்தையும் கேட்டு எழுதுங்கள். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரம் மண் பாதையைக் கீறிக் கீறிப் பள்ளமாக்கும். காற்றடைத்த டயர் போட்ட வண்டி வந்ததும் அதே மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன, பாதையும் தப்பித்தது. ஊரில் டயர் வண்டி எப்போது வந்தது என்பது, பஸ் எப்போது வந்தது என்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த கேள்வி இல்லை.

ரோட்டைப் போட்டது அரசாங்கமா, ஊர்க்காரர்களா?

பெரும்பாலான நாடுகளில் நீண்ட காலம் ஊர்க்காரர்கள்தான், அதுவும் கூலி இல்லாமல். இங்கிலாந்தில் 1555-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியும், தன் எல்லைக்குள் இருக்கும் சாலையைத் தானே பராமரிக்க வேண்டும், வருஷத்துக்கு நான்கு நாள் ஆளும் வண்டியும் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே அது ஆறு நாள் ஆனது, 1835 வரை நீடித்தது. ஃபிரான்சில் கோர்வே என்ற பெயரில் குடியானவர்களிடம் இதே வேலை வாங்கப்பட்டது, புரட்சிக்கு முந்தைய மனக்கசப்புகளில் அதுவும் ஒன்று. தன் ஊருக்கு ஒரு பயனும் இல்லாத நெடுஞ்சாலையைச் செப்பனிட யாருக்கு மனசு வரும்? வேலை அரைகுறையாகத்தான் நடந்தது.

அப்புறம் சுங்கச் சாவடி வந்தது, போகிறவன் காசு கொடுக்கட்டும் என்று. அதற்கும் எதிர்ப்பு. வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில் 1839-லும், மறுபடி 1842, 1843-லும், வயலுக்குச் சுண்ணாம்பு கொண்டுவருவதற்குள் சாவடிக்குச் சாவடி பணம் கட்டிச் சலித்த விவசாயிகள், ரெபேக்கா என்ற பெயரில் பெண் உடை உடுத்தி இரவில் வந்து சாவடிக் கதவுகளை உடைத்தார்கள். 1844-ல் சட்டத்தைத் திருத்திச் சுங்கத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆகவே ரோடு போட்ட வருஷத்தை எழுதும்போது மண் யார் வெட்டினார்கள், கல் யார் உடைத்தார்கள், கூலி கொடுத்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து ஊருக்கு ரயில் வந்தது. அதோடு எங்கள் ஊர் மாறிவிட்டது என்று எழுதலாமா?

சட்டென்று எழுதிவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று வருஷங்களை இங்கே வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் ஸ்டாக்டன் டார்லிங்டன் பாதையில் 1825-ல் ரயில் ஓடியது, இந்தியாவில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர், தெற்கே 1856-ல் ராயபுரத்திலிருந்து. ஆனால் பாதை வந்ததனாலேயே ஏழைக்கு இடம் கிடைத்துவிடவில்லை. பிரிட்டனில் 1844-ல் சட்டம் போட்டுத்தான் ஒவ்வொரு பாதையிலும் தினம் ஒரு ரயிலாவது எல்லா நிலையத்திலும் நிற்க வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது, மழையில் நனையாத இருக்கை வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள்.

அப்புறம், ரயில் வந்ததும் குதிரை வண்டிகள் ஒழிந்தன என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது நேர்மாறு. நிலையம் வரைக்கும் சரக்கைக் கொண்டுபோகவும் அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவரவும் இன்னும் அதிக வண்டிகள் வேண்டியிருந்தன. பிரிட்டனில் குதிரைகள் மிக அதிகமாக இருந்தது ரயில் வந்து எழுபது வருஷம் கழித்து, 1900-ஐ ஒட்டித்தான். உங்கள் பக்கத்திலும் நிலையத்துக்குப் போகிற பாதை ஒன்று இருக்கும். ரயிலைவிட அந்தப் பாதைதான் ஊரை மாற்றியிருக்கும், அதில் யார் வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள் என்று தேடுங்கள்.

பாதை என்றால் எல்லாருக்கும் பொதுதானே, இதில் சாதி எங்கே வந்தது?

பொது என்று பெயர்தான். திருவிதாங்கூரில் புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த அய்யன்காளி 1893-ல் வில் வண்டி ஒன்றை வாங்கி, அதில் ஏறி அந்தச் சாலைகளிலேயே ஓட்டிப் போனார். ஒருவர் தன் சொந்த வண்டியில் போனதே ஒரு போராட்டமாக இருந்த காலம் அது. 1924-25-ல் வைக்கத்தில் நடந்த சத்தியாகிரகம் கோயிலுக்குள் போவதற்காக நடக்கவில்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் அதற்காகச் சிறை போனார். முடிவில் எல்லாத் தெருக்களும் திறக்கவில்லை, மூன்று பக்கத்துத் தெருக்கள்தான் திறந்தன. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955-ல் பஸ்ஸில் யார் எந்த இருக்கையில் உட்காரலாம் என்பதற்காகவே ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கறுப்பின சமூகமே பஸ் ஏறாமல் நடந்தது.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்திக் கேட்பது சங்கடமாக இருக்கும். பரவாயில்லை, கேட்க வேண்டும். எந்தத் தெரு வழியாக யார் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளை எங்கே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, பஸ் நிறுத்தம் எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது, பிணம் கொண்டுபோகும் பாதை எது. இவற்றை ஒரே தெருவில் மட்டும் கேட்டால் ஒரே பதில்தான் வரும். எல்லாத் தெருவிலும் கேளுங்கள். இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதிய ஊர் வரலாற்றை என்னால் முழு வரலாறாக ஏற்க முடியவில்லை.

சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கச் சொல்கிறீர்கள்? அது வெறும் சைக்கிள்தானே?

தீனி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒற்றையடிப் பாதை போதும். சக்கரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று மேலே ஒரு பட்டியல் சொன்னேனே, அதில் பாதியை சைக்கிள் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. 1885-ல் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் சங்கிலி. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். நடக்கிறவரைப் போல மூன்று மடங்கு தூரம், அதே நேரத்தில். இங்கிலாந்தின் டார்செட் பகுதித் திருமணப் பதிவுகளைப் பார்த்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பது குறைந்து, தள்ளியுள்ள ஊர்களில் சம்பந்தம் கூடியதைக் கண்டார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சைக்கிளும் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். தண்ணீர்க் குடம், பிள்ளை, விளைபொருள் எல்லாம் சைக்கிளில் ஏறின, யாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தவர்கள், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது சுமார் 32 சதவீதம் உயர்ந்ததாகவும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்றும் கண்டார்கள். உங்கள் ஊரில் முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் யார், ஊர் என்ன சொன்னது, கேட்டு எழுதுங்கள். அவர் உயிரோடிருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

முதல் பஸ் எந்த வருஷம் வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். பஸ் வந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா, அந்தப் பெரிய புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் நெருங்கிவிடலாம். ஆளுக்கு ஒன்று சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஒருவர் மண் ரோட்டில் வந்து கொஞ்ச நாளில் நின்றுபோன பஸ்ஸைச் சொல்வார், இன்னொருவர் தார் போட்ட பிறகு நிரந்தரமாக வந்ததைச் சொல்வார். இருவரும் சரிதான்.

பஸ்ஸின் பெயரும் உதவும். தமிழ்நாட்டில் 1972 முதல் அரசுப் பேருந்துக் கழகங்களுக்குச் சேரன், சோழன், பாண்டியன் போன்ற பெயர்கள் இருந்தன, 1997-ல் அந்தப் பெயர்கள் போய்விட்டன. பாண்டியன் பஸ் என்று ஒருவர் சொன்னால் காலம் அந்த இருபத்தைந்து வருஷத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் தனியார் பஸ், முதலாளியின் பெயரிலோ சாமியின் பெயரிலோ. 1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் பஸ்ஸுக்கு வழித்தட பெர்மிட் கட்டாயம் என்றது, அதனால் காகிதமும் எங்கேயாவது இருக்கும். சுவிட்சர்லாந்தில் 1906-லிருந்து தபால் பஸ்ஸே ஆட்களையும் ஏற்றியது, அங்கே தபால் துறையின் கணக்கில் தேட வேண்டும்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை என்றால்?

வரைபடம் இருக்கும். இந்திய சர்வே 1767-லேயே தொடங்கியது, பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே 1791-ல். பழைய டோப்போ ஷீட்டுகளில், அதாவது நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்களில், ஒற்றையடிப் பாதை, வண்டிப் பாதை, ரோடு எல்லாம் வெவ்வேறு கோடுகளாகப் போட்டிருப்பார்கள். ஒரே இடத்தின் இரண்டு மூன்று பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் புள்ளிக்கோடு இரட்டைக்கோடாக மாறுவது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் கல். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். இது போன்ற பெரிய கல் எல்லா ஊரிலும் கிடைக்காது, ஆனால் சுமைதாங்கிக் கல் கிடைக்கலாம், தேய்ந்த படித்துறை கிடைக்கலாம், பாறையில் சக்கரம் அறுத்த தடம் கிடைக்கலாம். சுமைதாங்கி நிற்கிற இடம் என்றால் அந்த வழியாகச் சுமையோடு ஆள் போனார்கள் என்று அர்த்தம், இன்றைக்கு அங்கே முள் மண்டிக் கிடந்தாலும்.

நல்ல ரோடு வந்தால் ஊர் வளரும் என்பது உண்மைதானே?

ஓரளவுக்கு. மழைக்காலத்தில் பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கிப்போன ஊருக்கு ரோடு வருவதைப் போல நல்லது வேறு இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ரோடு இரண்டு பக்கமும் போகும். இந்தியாவில் 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தால் ரோடு கிடைத்த ஊர்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போவது கூடியது என்றும், ஊருக்குள் விளைச்சலிலோ வருமானத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றும் சொன்னது. ஊரில் இருந்த கடை, சந்தை, கொல்லுப் பட்டறை எல்லாம் ரோடு வந்த பிறகு என்ன ஆயின என்று நீங்களும் பாருங்கள்.

வந்தது போகவும் செய்யும். பிரிட்டனில் 1963-ல் பீச்சிங் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது, அதில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வருமானம் இல்லை என்பதுதான் காரணம். காரில்லாத கிழவர் என்ன செய்வார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இப்போது எல்லார் வீட்டிலும் டூவீலர். இதையும் எழுத வேண்டுமா, இது வரலாறு ஆகாதே?

ஆகும். டூவீலர் பெருகியதும் பஸ்ஸில் கூட்டம் குறைகிறது, கூட்டம் குறைந்ததும் பஸ் வந்துபோகிற தடவைகள் குறைகின்றன, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் மறுபடி காலுக்கு வருகிறார்கள். இரண்டாவது கேள்வியில் பேசிய அதே நடை. இன்றைக்கு ஊருக்கு எத்தனை நடை பஸ், எத்தனை மணிக்கு, கடைசி பஸ்ஸை விட்டால் எப்படி வீட்டுக்கு வருவது, ஆம்புலன்ஸ் எந்த முனை வரைக்கும் வரும் என்று ஒரு பக்கம் எழுதி, மேலே தேதி போட்டு வையுங்கள். பழைய பஸ் நேரம் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடி நான் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் அலைந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் கிடைத்ததில்லை.